புழுக்கமும் புது வேலையும்

புது வேலையில் சேர்ந்த முதல் மூன்று வாரம், மதியம் 3 மணி ஆனாலே தலை கனத்துவிடும். வேலைப்பளுதான் காரணம் என்று நினைத்தேன். ஒரு நாள் மாலை பார்த்தால், காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் அப்படியே மேஜையில் இருக்கிறது. சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது தோலிலேயே வழிந்துகொண்டிருக்கும். தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது. 32 டிகிரிதானே என்று அலட்சியமாக இருந்தது என் தவறு. இப்போது ஈரப்பத அளவையும் சேர்த்தே பார்க்கிறேன்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கத் தொடங்கினேன். பையில் மாற்றுச் சட்டை ஒன்று. யோசித்துச் செய்யவேண்டிய வேலைகளைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது தூக்கம்தான். இரவெல்லாம் பிசுபிசுப்பில் புரண்டுவிட்டுப் போனால் புது வேலை எப்படி மண்டையில் ஏறும்? ஏசியில் டிகிரியைக் குறைத்துக்கொண்டே போகாமல், டிரை மோடில் வைத்தேன். அது அறையின் ஈரத்தை இழுத்துவிடும். முதல் இரவே போர்வை உடம்பில் ஒட்டவில்லை.

சரி, தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் மட்டும் இதையெல்லாம் முயன்றுகொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.