கண்ணுக்குத் தெரியும் மணி காதுக்குக் கேட்காது: வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

விண்வெளியில் வெளிச்சம் போகும், சத்தம் போகாது என்று பாடத்தில் படித்துவிட்டு அப்படியே தாண்டிவிடுகிறோம். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் எதுவும் இல்லாமல் பிள்ளைகளுக்கு இதை நேரிலேயே காட்டலாம், ஆனால் அடுப்பு வேலை முழுக்கப் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

லேப் சாமான் கடையில் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குடுவை ஒன்றும், அதன் வாயில் இறுக்கமாக உட்காரும் ரப்பர் கார்க்கும் வாங்குங்கள். குடுவையின் அடி உருண்டையாக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் தட்டை அடிக் குடுவையோ ஜாம் பாட்டிலோ வெளிக்காற்றின் அழுத்தம் தாங்காமல் நொறுங்கிவிடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்க்கின் அடியில் மெல்லிய பருத்தி நூலால் ஒரு சலங்கை மணியைக் கட்டுங்கள். நூல் குட்டையாக இருக்கட்டும், மணி கண்ணாடியில் இடித்தால் அந்தச் சத்தம் வெளியே வந்து எல்லாம் கெட்டுவிடும். முதலில் வெறும் குடுவையை மூடி, ஆட்டி, சத்தத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கார்க்கை எடுத்துவிட்டு, குடுவையை ஸ்டாண்டில் பொருத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். வாய் வழியாக ஆவி மூன்று நான்கு நிமிடம் நன்றாகப் பீறிட்டால் உள்ளே இருந்த காற்றில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். அடுப்பை அணைத்த உடனே, கையுறையோடு, மணி கட்டிய கார்க்கை அழுத்தி மூடுங்கள். மூடிய குடுவையை மறுபடி சூடு பண்ணவே கூடாது. தானாக ஆறட்டும், மேலே தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஆறும்போது ஆவி தண்ணீராகிவிடும், உள்ளே மிகக் குறைந்த அழுத்தமே மிஞ்சும். இப்போது ஆட்டுங்கள். மணி குதிப்பது பளிச்சென்று தெரியும், சத்தமோ மங்கிப்போயிருக்கும். கார்க்கை மெல்லத் திருகித் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும், மணியும் பழையபடி ஒலிக்கும். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், நாம் கேட்காமலேயே பிள்ளைகள் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சத்தம் என்பது காற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவதால் நகரும் அதிர்வு, தள்ள ஆளில்லை என்றால் அது நகராது. ஒளி மின்காந்த அலை, அதற்குக் காற்று, தண்ணீர் போன்ற ஊடகமே தேவையில்லை. அதனால்தான் சூரிய வெளிச்சம் சுமார் 8 நிமிடம் 20 விநாடியில் நம்மிடம் வந்துவிடுகிறது, அங்கே நடக்கும் கொந்தளிப்பின் ஓசை ஒருநாளும் வருவதில்லை. தண்ணீருக்குள் கதை தலைகீழ்: காற்றில் விநாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி அங்கே ஏறத்தாழ 1,480 மீட்டராக வேகமெடுக்கிறது, 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளியோ 2.25 லட்சமாகக் குறைகிறது.

சத்தம் குறையவே இல்லையா? பெரும்பாலும் கார்க் வழியாகக் காற்று கசிந்திருக்கும், அல்லது ஆவி போதுமான நேரம் வெளியேறியிருக்காது. முழு நிசப்தத்தை எதிர்பார்க்காதீர்கள், மிச்ச ஆவி வழியாகவும் நூல் வழியாகவும் கொஞ்சம் அதிர்வு வரத்தான் செய்யும்.