ரங்கூன் மழையில பிள்ளைங்க சாப்பாட்டு டப்பா நாறாம வச்சுக்கறது எப்படி

ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்குதுன்னா ரங்கூன்ல மழையும் சேர்ந்தே வந்துரும், அக்டோபர் வரைக்கும் விடாது, வருசத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யிற மழையில பெரும்பகுதி இந்த அஞ்சு மாசத்துலயே கொட்டிரும். துணி காயாது, சுவரு காயாது, கழுவி கவுத்து வச்ச சாப்பாட்டு டப்பாவும் காயாது. எங்க வீட்டுல ரெண்டு பேரு ஸ்கூலுக்குப் போறாங்க, பெரியவ எட்டாவது, சின்னவன் மூணாவது. தினமும் சோப்பு போட்டு நல்லாத்தான் தேச்சுக் கழுவுவேன், அப்படியும் மூடியைத் தொறந்தா பழைய சாம்பார் மாதிரி ஒரு வாடை அடிக்கும். டப்பாவே மட்டம் போலருக்குன்னு தூக்கிப் போட்டுட்டு தெய்ஞ்ஜீ மார்க்கெட்டுல போயி புதுசு வாங்குவேன், ரெண்டு மாசத்துல அதுவும் அப்படியே ஆயிரும்.

ஒரு நாள் சின்னவன் சோத்தைத் தொடாம அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டான், "அம்மா மூடி நாறுதும்மா"ன்னான். சோத்தை மோந்து பாத்தேன், ஒண்ணுமில்ல. மூடியை மோந்து பாத்தேன், பிள்ளை சொன்னது சரிதான். மூடிக்குள்ள சுத்தி ஒரு ரப்பர் வச்சிருப்பான்ல, வாஷர்னு சொல்லுவோமே, அதை ஒரு ஸ்பூன் காம்பை விட்டு மெதுவா நெம்பி எடுத்தேன். அதுக்கு அடியில இருந்த பள்ளத்துல மை தடவின மாதிரி கறுப்பா ஒரு கோடு, நடுநடுவுல மஞ்சளா வழவழன்னு பருப்புக் குழம்பு, எந்த வாரத்துக் குழம்போ தெரியாது. அன்னைக்கு எனக்கு வந்த வருத்தம் சொல்ல முடியாது, இத்தனை நாளா இதுல இருந்துதான பிள்ளை சாப்பிட்டிருக்கான்.

அதனால முதல் வேலை அந்த ரப்பர்தான். மழைக்காலத்துல தினமும் கழட்டணும், வெயில் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவைன்னாலும் போதும். கத்தி முனையால நெம்பாதீங்க, ரப்பர் கீறிருச்சுன்னா அந்தக் கீறலுக்குள்ளயே அழுக்கு உக்காந்துக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது. ஸ்பூன் காம்பு இல்லன்னா ஐஸ்கிரீம் குச்சி நல்லது. கழட்டின ரப்பரையும் அந்தப் பள்ளத்தையும் பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்க்கணும், தண்ணி கை பொறுக்கிற சூட்டுல இருந்தா எண்ணெய் சட்டுனு விடும். வாடை பிடிச்சுப் போன ரப்பருக்கு ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணியில குழைச்சு பூசி அரை மணி நேரம் விட்டுட்டுக் கழுவுங்க. அதுக்கும் கறுப்புப் புள்ளி போகலன்னா பூசணம் உள்ளுக்குள்ளயே இறங்கிருச்சுன்னு அர்த்தம், அந்த ரப்பரை மாத்திருங்க. தனியா ரப்பர் கிடைக்காத டப்பாவை நான் இப்பல்லாம் வாங்குறதே இல்ல.

சில பேரு பிளீச் ஊத்துறாங்க. பிளாஸ்டிக் மூடிக்கு எப்பவாவது ஒரு தடவைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவா ஊத்தி, ஊறவச்சு, அப்புறம் நல்ல தண்ணியில அலசிடணும். எவர்சில்வருக்கு பிளீச் வேண்டாம், புள்ளி புள்ளியா அரிச்சுரும். முக்கியமா பிளீச்சையும் வினிகரையும் ஒண்ணா கலந்துராதீங்க, எலுமிச்சையும் அப்படித்தான், குளோரின் வாயு கிளம்பும், சின்ன அடுப்படியில மூச்சை அடைச்சுரும்.

இனிதான் பெரிய விசயம். கழுவறதுல நம்ம ஆளுங்க யாரும் குறை வைக்கிறதில்ல, காய வைக்கிறதுலதான் கோட்டை விடுறோம். நானும் கழுவின டப்பாவை தட்டு மேல கவுத்து வச்சு, காலையில எடுத்து, உள்ள முத்து முத்தா தண்ணி நிக்கிறதை கைத்துணியில துடைச்சுட்டு சோறு போட்டுருவேன். அந்தக் கைத்துணிதான் எல்லாத்துக்கும் மேல அழுக்கு, ராத்திரி பூரா ஈரமா கிடந்த துணி. இப்ப என்ன பண்றேன்னா, கம்பி ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சிருவேன், அடியில காத்து போகணும். மூடி தனியா, ரப்பரை சுவத்துல ஒரு ஆணி அடிச்சு அதுல மாட்டிருவேன். கரண்ட் இருந்தா ஃபேனைப் பாத்து வைப்பேன், இல்லாத நாள்ல ராத்திரி சமைச்சு முடிச்ச கரி அடுப்பு கொஞ்சம் ஆறினதும் அதுக்குப் பக்கத்துல வைப்பேன், ரொம்பக் கிட்ட வேண்டாம், பிளாஸ்டிக் நெளிஞ்சுரும். எங்க அத்தை அந்தக் காலத்துல டிபன் கேரியர் அடுக்கை எல்லாம் அடுப்பு மேல பரண்ல கவுத்து வைப்பாங்களாம், ஏன்னு எனக்கு இப்பதான் புரியுது. காயாத டப்பாவை மட்டும் மூடி போட்டு அலமாரியில வச்சுராதீங்க, வாடை அங்கதான் பிறக்குது.

கடைசியா அலசுற தண்ணியையும் பாருங்க. எங்க குழாய்த் தண்ணி மழைக்காலத்துல கலங்கலா வரும், அதனால கடைசி அலசலுக்கு கொதிக்க வச்சு ஆறின தண்ணி இல்லன்னா குடிக்கிற பாட்டில் தண்ணியில ஒரு டம்ளர் எடுத்துக்குவேன். எவர்சில்வர் டப்பாவா இருந்தா காலையில கொதிக்கிற தண்ணியை ஊத்தி ஒரு நிமிசம் வச்சு கொட்டிட்டா அந்தச் சூட்டுலயே தானா காஞ்சுரும், துணியே வேண்டாம்.

அதுக்காகத்தான் நான் எவர்சில்வருக்கே திரும்பி வந்துட்டேன். பர்மாக்காரங்க தமின்ஜைங்னு சொல்ற அடுக்கு கேரியர்ல ரப்பரே கிடையாது, பக்கத்துல கிளிப்பு மட்டும்தான், கழுவவும் சுலபம் காயவும் சுலபம். குழம்பு சாஞ்சா கசியும், அது உண்மைதான், அதனால அடி அடுக்குல மட்டும் தண்ணிப் பதார்த்தம் வச்சு அதையும் அரை அடுக்குக்கு மேல ஊத்த மாட்டேன். அலுமினியத்துல புளிக்குழம்பு, தக்காளி எல்லாம் வைக்காதீங்க, புளிப்பு அரிக்கும், ருசியும் மாறும். பிளாஸ்டிக்தான் வேணும்னா அடியில முக்கோணத்துக்குள்ள 5-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது சூடு தாங்கும். பூப்போட்ட மெலமின் டப்பா பாக்க அழகா இருக்கும், கொதிக்கக் கொதிக்க சோறு போட அது ஆகாது.

மீன் வாடைக்கு சோப்பை விட புளிப்புதான் கேக்கும். ஙப்பி (பர்மாக்காரங்களோட புளிக்க வச்ச மீன் விழுது), கருவாடு, மீன் குழம்பு வச்ச அன்னைக்கு டப்பாவை முதல்ல பச்சைத் தண்ணியில அலசிட்டு, பிழிஞ்ச எலுமிச்சைத் தோலாலயே உள்ள பூரா தேச்சு அஞ்சு நிமிசம் விட்டுட்டு, அப்புறம் சோப்பு போடுங்க. மஞ்சள் கறைக்கு மருந்து வெயில்தான், கழுவின டப்பாவை ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல வச்சா மஞ்சள் தானா வெளுத்துரும், மழை விட்டு ஒரு நாள் வெயில் அடிச்சா நான் டப்பா எல்லாத்தையும் பால்கனிக்கு கொண்டு போயிருவேன்.

இப்ப சோத்துக்கு வரேன். ஆவி பறக்கப் பறக்க சோத்தைப் போட்டு இறுக்கி மூடினா மூடியில தண்ணி கோத்து அது திரும்ப சோத்துலயே சொட்டும், பத்து மணிக்கே நசநசன்னு ஆயிரும். அதுக்காக ராத்திரி வடிச்ச சோத்தை வெளியில வச்சிருந்து காலையில கட்டிக் குடுக்கறதும் தப்பு. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு, அதோட வித்து கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது, சோறு வெதுவெதுன்னு வெளியில கிடந்தா முளைச்சுப் பெருகி விசத்தை விட்டுரும், அந்த விசம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாத ஊர்ல பிரிட்ஜை நம்பி பழைய சோறு வைக்கறதை நான் நிறுத்திட்டேன். காலையில அஞ்சரைக்கு வடிக்கிறேன், அகலமான தாம்பாளத்துல பரத்தி பத்து நிமிசம் விசிறி விடுறேன், ஆவி அடங்கினதும் டப்பாவுல போட்டு மூடுறேன். 5 டிகிரியில இருந்து 60 டிகிரி வரைக்கும்தான் கிருமிக்குக் கொண்டாட்டம், நம்ம ஊரு நாளெல்லாம் அதுக்கு நடுவுலதான், அதனால சமைச்சதுல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள பிள்ளை சாப்பிட்டு முடிக்கிற மாதிரி பாத்துக்குங்க. மதியம் லேட்டா சாப்பிடுற பிள்ளைக்கு பிளாஸ்க் மாதிரி சூடு காக்குற டப்பா நல்லது, முதல்ல அதுல கொதிக்கிற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிசம் வச்சு கொட்டிட்டு, உடனே சூட்டோட சோத்தைப் போட்டு மூடுங்க, அதுல மட்டும் ஆற விடக் கூடாது.

மழைக்காலத்துல தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைச்ச கூட்டு எல்லாம் நான் கட்டறதில்ல, சீக்கிரம் ஊசிப் போகும். பலாச்சாங் நல்லது, எண்ணெயில மொறுமொறுன்னு வறுத்த இறால் பொடி, தண்ணிப் பசையே இல்ல. அதோட ஒரு முட்டை வறுவல், வாழக்கா வறுவல், போதும். வெள்ளரிக்கா, தக்காளி குடுக்கறதா இருந்தா துடைச்சு தனி டப்பாவுல வைங்க, சோத்தோட சேத்தா தண்ணி விடும்.

டப்பாவை மட்டும் கழுவி பையை விட்டுறாதீங்க. தூக்கிட்டுப் போற துணிப் பையில குழம்பு சொட்டி இருக்கும், ஸ்பூன் வச்ச ஓரத்துல பருக்கை ஒட்டி இருக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை யூனிபார்ம் பச்சை லுங்கியோடவே ஊறப் போட்டுருங்க. துணிப் பை காயலன்னா பிளாஸ்டிக் வயர் கூடை வாங்குங்க, மார்க்கெட்டுல எல்லா சைஸும் இருக்கு, ஒரு தடவை தண்ணியை ஊத்தினா சுத்தமாயிரும்.

பிள்ளைங்களுக்கும் ஒரு வேலை குடுத்திருக்கேன். சாப்பிட்டதும் மிச்சத்தைக் கொட்டிட்டு ரெண்டு வாய் தண்ணி ஊத்தி குலுக்கி கொட்டிட்டு வரணும், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டுற கையோட டப்பாவை அடுப்படியில தொறந்து வச்சுரணும். பெரியவ ஒரு தடவை தடின்ஜுட்னு பர்மாக்காரங்க கொண்டாடுற விளக்குத் திருநாளுக்கு லீவு விடுற அன்னைக்கு மறந்துட்டா, டப்பா பையிலயே கிடந்துருக்கு, லீவு முடிஞ்சு நான் தொறந்தா சோறு மேல சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி பூத்திருந்துச்சு, பிளாஸ்டிக்குக்குள்ளயே வாடை ஏறிருச்சு, எத்தனை தடவை ஆப்பசோடா போட்டும் போகல, தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. அதுல இருந்து லீவு விடுற அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேர் பையையும் நானே தலைகீழா கவுத்து உதறிப் பாத்துருவேன்.