வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். கூடுதல் சூட்டை மூச்சிரைத்தும், கொண்டை, தாடி, கால் வழியாகவும்தான் வெளியேற்றும். இறக்கையை அகட்டிக்கொண்டு இரைக்கிறதென்றால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

கத்திரி வெயில் நாட்களில் தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் வையுங்கள். செரிமானமும் உடம்பில் சூட்டைக் கிளப்பும், அதனால் உச்சி வேளையில் தீனி வேண்டாம். தண்ணீர் மட்டும் எந்நேரமும் நிழலில் இருக்கட்டும், மண்சட்டி நல்லது. வெயிலில் காய்ந்து சூடான தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது.

தகரக் கொட்டகையா? மேலே தென்னங்கீற்று பரப்பிவிடுங்கள். பலர் சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டி மூடிவிடுகிறார்கள். அது கூடாது. காற்றோட்டம் இல்லாமல் ஈரம் மட்டும் கூடினால், இரைத்தாலும் சூடு இறங்காது. சாக்கு கட்டினால் ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள், எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும்.

துவண்டு விழுந்த கோழியை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கால்களைச் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.