முதல் மணி அடிப்பதற்கு முன்: பாக்ஸிங் படபடப்பில் செய்யக்கூடாத தவறுகள்

படபடப்பால் கெடுகிற பவுட்டைவிட (பவுட் என்றால் ஒரு குத்துச்சண்டை ஆட்டம்), படபடப்பை விரட்டப் போய்க் கெடுகிற பவுட்தான் அதிகம். மாவட்டப் போட்டிக்கு முதல் தடவையாகப் பெயர் கொடுத்த பையனுக்கோ பெண்ணுக்கோ பத்து நாள் முன்பிருந்தே வயிற்றைக் கலக்கத் தொடங்கும். அதை அடக்க எதையாவது கூடுதலாகச் செய்யத் தோன்றும்: இன்னும் இரண்டு ரவுண்டு ஸ்பாரிங் (கூட்டாளியோடு பயிற்சிச் சண்டை), இன்னொரு டம்ளர் காபி, ராத்திரி இரண்டு மணி வரை எதிராளியின் வீடியோ. உடம்பு கெடுவது இந்தக் கூடுதல் வேலைகளில்தான்.

அறிகுறியைக் கோளாறாக எடுத்துக்கொள்வது

போட்டி நெருங்கும்போது அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும். தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குக் கூடுதலாகப் போகும். உள்ளங்கை சில்லிடுவதும், வாய் வறள்வதும், வயிறு புரட்டுவதும் அதனால்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்றுக்கு வருவதும், வரிசையாகக் கொட்டாவி வருவதும் இதில் சேர்த்திதான். கொட்டாவியைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்கலையாடா?" என்று சத்தம் போடுகிற மாஸ்டர்கள் உண்டு. பையன் தூங்கி வழியவில்லை, உடம்பு தயாராகிக்கொண்டிருக்கிறது.

"பயப்படாதே, அமைதியா இரு" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் பெரும்பாலும் வேலை செய்யாது. துடிக்கிற இதயத்தை வாய்ச்சொல்லால் நிறுத்த முடியாதபோது, 'நான் இன்னும் அமைதியாகவில்லையே' என்ற இரண்டாவது கவலை சேர்ந்துகொள்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அது ரிங்கில் நடந்த சோதனை அல்ல. ஆனாலும் வேகத் துடிப்பை வேகத் துடிப்பாகவே விட்டுவிட்டு அதற்கு வேறு பெயர் வைப்பது, கார்னரில், அதாவது ரிங் மூலையில் ஆடுபவருக்கு உதவியாக நிற்பவர்களுக்கு எளிதில் கைகூடும். "ரெடியா? சூடாயிட்டியா?" என்று கேட்டால் போதும்.

கடைசி வாரத்தில் தன்னைச் சோதித்துப் பார்ப்பது

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் கபடி அணி இல்லாத ஊர் அரிது. பாக்ஸிங் கற்றுத்தரும் இடங்கள் அப்படியில்லை. அதனால் அதே நான்கைந்து பேரோடுதான் மாறி மாறி ஸ்பாரிங் நடக்கும். யாருடைய வலது கை எப்போது வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். போட்டியில் முன்பின் தெரியாத ஒருவரின் முதல் குத்து விழும்போது வலியைவிடத் திகைப்புதான் பெரிதாக இருக்கும். அதற்கு மருந்து, ஒரு மாதம் முன்பே திருச்சி போன்ற வேறு ஊர்க் கூடத்துக்குப் போய்ப் புது ஆட்களோடு பாதி பலத்தில் சில ரவுண்டுகள் ஆடிப் பார்ப்பது.

இதைக் கடைசி வாரத்தில் செய்வதுதான் தவறு. 'தாங்குவேனா' என்று பார்க்க முழு பலத்தில் ஆடினால் மூக்கோ விலாவோ அடிபடும். அடிபடாவிட்டாலும் களைப்பு தீராது. கடினமான ஸ்பாரிங்கைப் போட்டிக்கு 7 முதல் 10 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். கடைசி மூன்று நாளுக்கு வாய்க்கால் கரையில் 15 நிமிட மெல்லோட்டமும் இரண்டு மூன்று ரவுண்டு ஷேடோவும் (எதிரில் ஆளில்லாமல் காற்றில் குத்துவது) போதும்.

எடையோடு விளையாடுவது

எடைப் பிரிவுக்குள் வருவதற்காகக் கடைசி நேரத்தில் உடம்பு நீரை வியர்வையாக வெளியேற்றி எடை இறக்குவார்கள். படபடப்பை மிக அதிகமாக வளர்ப்பது இதுதான், ஆனால் பலர் இதைப் படபடப்போடு சேர்த்தே யோசிப்பதில்லை. உடம்பில் நீர் குறைந்தால் ரத்த அளவு குறையும்; அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், தலை லேசாகச் சுற்றும், எரிச்சல் வரும். இவை பயத்திலும் வருகிறவைதான். எது எதனால் வந்தது என்று ஆடுபவருக்குப் பிரித்துத் தெரியாது. எல்லாமே பயமாகத்தான் தெரியும். 60 கிலோ ஆளுக்கு 2 சதவீதம் என்றால் 1.2 கிலோ. அந்த அளவு நீர் வியர்வையாகப் போனாலே ஆட்டத்தில் தளர்ச்சி தெரியத் தொடங்கிவிடும்.

2018-இல் போலந்துப் போட்டிக்குப் போன மேரி கோம், விடியற்காலையில் போய் இறங்கி, சில மணி நேரத்தில் ஸ்கிப்பிங் ஆடி இரண்டு கிலோ குறைத்துத் தங்கமும் வாங்கினார். அதைச் சொல்லி நம் பிள்ளைகளை ஓட விடுகிறார்கள். அவர் அப்போதே ஐந்து முறை உலகச் சாம்பியன், தன் உடம்பை அணு அணுவாக அறிந்தவர். முதல் போட்டிக்குப் போகிற பதினாறு வயதுக்காரருக்கு அது முன்மாதிரி ஆகாது. இன்னொரு பக்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் எடையால் இறுதிப் போட்டியை இழந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

டெல்டா வெயிலில் இது இன்னும் ஆபத்து. சித்திரை, வைகாசியில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், சூடு இறங்காது. அந்த நேரத்தில் பிளாஸ்டிக் உறையோ ஜாக்கெட்டோ போட்டு ஓடுவது வெப்ப மயக்கத்துக்கு அழைப்பு.

செய்ய வேண்டியது: வழக்கமான சாப்பாட்டிலேயே எட்டக்கூடிய எடைப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் முன்பிருந்து தினமும் காலைக்கடன் முடித்ததும் ஒரே டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். வீட்டுத் தராசும் போட்டித் தராசும் சில நூறு கிராம் வித்தியாசம் காட்டலாம் என்பதால், 300 கிராமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

எடை முடிந்தபிறகு சாப்பாட்டில் தவறுவது

எடை போட்டு முடித்த சந்தோஷத்தில் நேராக ஓட்டலுக்குள் நுழைந்து நெய் மிதக்கிற பொங்கல், வடை, பரோட்டா, மதியம் பிரியாணி. அட்ரினலின் சுரக்கும்போது குடல் மெதுவாகத்தான் வேலை செய்யும். கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு பவுட் நேரத்தில் இன்னும் வயிற்றிலேயே கிடக்கும். உடம்பில் ஒரு குத்து விழுந்தால் மேலே வரும்.

பவுட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு நான்கு இட்லி, கொஞ்சம் சாம்பார். ஒரு மணி நேரம் முன்பு பசித்தால் ஒரு பூவன் பழம். தண்ணீரை மடமடவென்று குடிக்காமல், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கலந்த ஒரு லிட்டரை ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. பாக்கெட் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதற்கு மேல் உப்பு போடக் கூடாது. நீராகாரம் வழக்கமாகக் குடிப்பவர் அன்றும் குடிக்கலாம். போட்டியன்று முதல் தடவையாக எதையும் முயலக் கூடாது, அது பாட்டி சொன்னதாக இருந்தாலும் சரி, ஜிம்மில் விற்கிற பவுடராக இருந்தாலும் சரி.

கும்பகோணம் டிகிரி காபி பற்றி ஒரு வார்த்தை. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏற்கெனவே துடிக்கிற இதயத்துக்கு மேல் மூன்று டம்ளர் இறக்கினால் கை நடுங்கத்தான் செய்யும். தினமும் குடிப்பவர் அடியோடு நிறுத்தினால் தலைவலி வரும். அதனால் வழக்கமான ஒரு டம்ளர், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம்.

ராத்திரி ரயிலை நம்புவது, போனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது

சென்னையில் போட்டி என்றால் மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ ஏறிவிட்டால் விடியற்காலையில் இறங்கி நேராக எடை போடப் போய்விடலாம் என்று கணக்குப் போடுவார்கள். டிக்கெட் ஆர்.ஏ.சி.யாக இருந்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். முடிந்தால் ஒரு நாள் முன்பே போய்த் தங்குங்கள். முந்தின ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதற்காகக் கலங்க வேண்டாம். அதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரி குறைந்ததை உடம்பு தாங்கும். 'ஐயோ தூக்கம் வரலையே' என்று மணி பார்ப்பதுதான் அதிகக் கேடு.

எதிராளியின் வீடியோவை மாஸ்டரோடு ஒரே ஒரு முறை பாருங்கள். இடதுகைக்காரரா, முதலில் முன்னேறுகிறவரா, கை எப்போது இறங்குகிறது: மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்ததும் மூடிவிடுங்கள். அவர் நாக்அவுட் செய்த காட்சியைப் பதினைந்து முறை பார்ப்பதால் ஒன்றும் கிடைக்காது. போட்டிக்கு முன்பே 'மண்ணின் மைந்தன்' என்று பிளெக்ஸ் அடிக்கிற நண்பர்களையும் அன்பாகத் தடுத்து வையுங்கள். தோற்றால் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு ரிங் வரைக்கும் கூடவே வரும்.

கடைசி நிமிடப் பொருள் குளறுபடி

மோதிரம், கம்மல், சங்கிலி எதுவும் ரிங்குக்குள் ஆகாது. கோயில் கயிற்றையும் தாயத்தையும்கூட அவிழ்க்கச் சொல்லலாம். பவுட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெட்டச் சொன்னால், அதையே காப்பாக நினைப்பவருக்கு மனம் உடைந்துபோகும். வீட்டிலேயே சாமி படத்தடியில் கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது.

புது டீத் கார்டை அன்றுதான் உறையிலிருந்து பிரிப்பது இன்னொன்று. வெந்நீரில் போட்டுப் பல்லுக்குப் பதிக்கிற வகையை இரண்டு வாரம் முன்பே பதித்து, அதோடு ஓடியும் ஸ்பாரிங் ஆடியும் பழக வேண்டும். பழகாததை வறண்ட வாயில் வைத்தால் குமட்டும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். சிவப்பு நிறத்தில் வாங்காதீர்கள். ரத்தம் தெரியாது என்பதால் அனுமதிப்பதில்லை. ஹெட்கார்டு (தலைக்கவசம்) உங்கள் பிரிவுக்கு உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். சர்வதேசப் போட்டிகளில் வயதுவந்த ஆண்களுக்கு 2013-இல் அது எடுக்கப்பட்டது. ஒருநாளும் அது இல்லாமல் நின்று பழகாதவருக்கு முகத்தில் காற்றுப் படுவதே பயமாக இருக்கும்.

சீக்கிரமே சூடேறி, ஆறிப்போய் ரிங் ஏறுவது

அரங்குக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் ஷேடோ தொடங்கிவிடுவார்கள். பவுட் வருவதற்குள் வியர்வை காய்ந்து, தோள் இறுகி, பாதி பலம் போயிருக்கும். மூன்று நிமிட ரவுண்டு மூன்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு இரண்டு: மொத்தம் 11 நிமிடம். அறிமுகம், முடிவு அறிவிப்பு சேர்த்தால் ஒரு பவுட்டுக்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம். ஜூனியர்களுக்கு இரண்டு நிமிட ரவுண்டு என்பதால் இன்னும் சீக்கிரம் முடியும். உங்களுக்கு முன்னால் மூன்று பவுட் இருக்கும்போது தொடங்குங்கள்: ஐந்து நிமிடம் ஸ்கிப்பிங், மூட்டுகளைத் தளர்த்துவது, இரண்டு ரவுண்டு ஷேடோ, ஒன்றரை ரவுண்டு பேட் (மாஸ்டர் கையில் பிடிக்கிற மெத்தையில் குத்துவது). நெற்றியில் வியர்வை அரும்பியதும் நிறுத்தி, மேலே சட்டை போட்டுச் சூட்டைக் காத்துக்கொண்டு லேசாக அசைந்தபடியே இருங்கள்.

முதல் நிமிடத்திலேயே பவுட் நிறுத்தப்பட்டால் வரிசை குபீரென்று நகரும். அதனால் ரிங் பக்கத்தில் ஒருவர் நின்று, நடப்பதை வந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடுபவரே ஓடிப்போய் எட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே யாராவது விழுவதைப் பார்த்துவிட்டு வருவார்.

மூச்சைப் பற்றி எல்லோரும் சொல்கிற 'நல்லா இழுத்து விடு' என்பதில் ஒரு கோளாறு உண்டு. வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நீளமாக விடுகிற மூச்சுதான் துடிப்பை இறக்குகிறது. இரண்டு மூன்று நிமிடம் போதும்.

டாக்டரிடம் மறைப்பது

போட்டிக்கு முந்தைய பரிசோதனையில், 'வெளியே அனுப்பிவிடுவாரோ' என்ற பயத்தில் தலைவலியையும் பழைய அடியையும் சொல்லாமல் விடுகிறார்கள். நெஞ்சுவலி, ஓடும்போது மயங்கி விழுந்தது, ஸ்பாரிங்கில் தலையில் அடிபட்டபின் வந்த வாந்தி, மங்கலான பார்வை ஆகியவற்றைப் படபடப்புக் கணக்கில் எழுதவே கூடாது. ஆடுபவர் சொல்லாவிட்டால் மாஸ்டர் சொல்ல வேண்டும்.

முதல் முப்பது விநாடியில் எல்லாவற்றையும் செலவழிப்பது

மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் வீசுவது, படபடப்பை வெளியே கொட்டுகிற வழி. கபடியிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் இது அதிகம். ஒரு ரெய்டு 30 விநாடி. அதில் முழுவதையும் கொட்டித்தான் பழக்கம். மூன்று நிமிட ரவுண்டு என்பது ஆறு ரெய்டை ஓய்வில்லாமல் பாடிவிட்டு வருவதற்குச் சமம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினால் முதல் ரவுண்டு முடிவதற்குள் கை ஈயமாகிவிடும்.

முதல் முப்பது விநாடிக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு திட்டம் வைத்துப் பயிற்சியில் பழகிவிடுங்கள். இரண்டு ஜாப் (முன்னால் இருக்கிற கையால் நேராக விடும் குத்து), ஓர் அடி பக்கவாட்டில், மீண்டும் ஜாப். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்' என்று மூச்சை விட வேண்டும். தோள் காதுவரை ஏறியிருந்தால் இறக்க வேண்டும். யோசிக்கத் தேவையில்லாத இந்த வேலைகள் முடிவதற்குள் முதல் திகைப்பு போயிருக்கும், எதிராளியின் தூரமும் பிடிபட்டிருக்கும்.

மீதி கார்னரின் கையில். அறுபது விநாடியில் ஐந்து பேர் ஐந்து யோசனை சொன்னால் ஒன்றும் உள்ளே போகாது. உட்கார வைத்து, டீத் கார்டை எடுத்து, முதல் 20 விநாடி யாரும் பேசாமல் மூச்சு வாங்க விடுங்கள். ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு ஒருவர் மட்டும், ஒரே ஒரு விஷயம், செய்யக்கூடிய வார்த்தையில்: "வலது கையைக் கன்னத்துல வை." 'கையை இறக்காதே' என்றால் இறங்குகிற கைதான் நினைவில் நிற்கும். பெற்றோர் கார்னருக்குப் பின்னால் நின்று கத்துவதைத் தவிர்க்க, அவர்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கை பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.