மாத்திரையில் வந்த ரத்தம்: எடை குறைத்தபின் பீரியட்ஸ் நின்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஜிம்முக்கு வரும் ஒரு பெண், வயது 24, போனை நீட்டிப் படங்களைக் காட்டினாள். ஒன்பது மாதத்தில் 19 கிலோ குறைத்திருக்கிறாள். முன்பு, பின்பு என்று இரண்டு படங்கள். காட்டிவிட்டுப் போகிறபோக்கில் சொன்னாள்: "நடுவுல அஞ்சு மாசம் பீரியட்ஸ் வரலக்கா. டாக்டர் மாத்திரை குடுத்தாங்க. இப்ப டான்னு வருது. அது சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சு" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2015இல் நானும் என் அம்மாவிடம் இதே சொல்லை, இதே நிம்மதியோடு சொல்லியிருக்கிறேன்.

நான் திருச்சியில் பெண்களுக்கு எடைப்பயிற்சி சொல்லித்தருபவள். டாக்டர் இல்லை. ஆனால் இந்த வழியில் ஒருமுறை நடந்து, விழுந்து, எழுந்து வந்தவள். புதிதாக எடை குறைக்க வருகிறவர்கள் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். பட்டினி கிடக்காதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கர்ப்பப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

முதலில் அதைச் செய்யுங்கள். உடல் பருமனால் கருமுட்டை ஒழுங்காக வராமல் இருந்தவர்களுக்கு, எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

"நான் ஒண்ணும் ஒல்லி இல்லையே, எனக்கு எப்படி?"

இதைத்தான் அதிகம் கேட்கிறேன். எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்குத்தான் பீரியட்ஸ் நிற்கும் என்று நம்புகிறார்கள். 90 கிலோவிலிருந்து 66க்கு வந்தவருக்கும் நிற்கலாம். உடம்பு பார்ப்பது இப்போதைய எடையை மட்டும் அல்ல. தினமும் உள்ளே வருவது எவ்வளவு, செலவாவது எவ்வளவு என்று அது கணக்குப் பார்க்கிறது.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. அங்கிருந்து கிளம்பும் ஒரு ஹார்மோன், விட்டுவிட்டுத் துடிப்பு மாதிரி வந்து, பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அது எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பிச் சினைப்பையை வேலைசெய்ய வைக்கிறது. சாப்பாடு போதாதபோது அந்தத் துடிப்பே மெதுவாகிவிடும். அப்புறம் கருமுட்டை முதிர்வதில்லை, ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு சுரப்பதில்லை, மாதவிடாயும் வருவதில்லை. சினைப்பையும் கருப்பையும் நன்றாகத்தான் இருக்கின்றன. மேலிருந்து உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

இதை அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தார். உடற்பயிற்சிக்குப் போனது போக மிச்சமிருக்கும் கலோரியை, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுப்பது அவருடைய கணக்கு. கிலோவுக்கு 45 இருந்தால் நல்லது. 30க்குக் கீழே போனபோது, மாதவிடாய் ஒழுங்காக இருந்த இளம் பெண்களுக்கே ஐந்து நாளில் எல்எச் துடிப்பு மாறிவிட்டது. 2003இல் வெளியான ஆய்வு இது. 30 என்பது எல்லோருக்கும் கோடு கிழித்த மாதிரி பொருந்தாது. சிலருக்கு அதற்கு மேலேயே நிற்கும், சிலருக்குக் கீழே போனாலும் நிற்காது. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையில் 17 கிலோ கொழுப்பு என்றால் மீதி 43. ஒரு நாளைக்கு 1,300 கலோரி சாப்பிட்டு, ஓட்டத்தில் 350 செலவழித்தால் மிஞ்சுவது 950. 43ஆல் வகுத்தால் 22. ஜிம்மில் "நல்ல டயட்" என்று எல்லோரும் பாராட்டும் நாள் அது.

பிசிஓடி என்ற முத்திரையை அப்படியே வாங்கிக்கொள்வது

நம் ஊரில் பீரியட்ஸ் தள்ளிப்போனால் உடனே ஸ்கேன், ஸ்கேனில் நீர்க்கட்டிகள் தெரிந்தால் உடனே பிசிஓடி. அதற்கு முதல் அறிவுரை "எடையைக் குறைம்மா, அரிசியை நிறுத்து". எடை குறைத்ததால் நின்றுபோன பெண்ணுக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை கிடையாது. தீயணைக்க எண்ணெய் ஊற்றுகிற கதை.

பிசிஓடியை டாக்டர்கள் பிசிஓஎஸ் என்றும் சொல்வார்கள். பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய 2003இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி, மூன்று அறிகுறிகளில் இரண்டு இருந்தால் போதும். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்த நீர்க்கட்டித் தோற்றம் ஆகியவை அந்த மூன்று. ஆனால் வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாப்பாடு போதாமல் நின்றவர்களிலும் கணிசமான பேருக்கு ஸ்கேனில் அதே தோற்றம் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் வித்தியாசம் தெரியும்: பட்டினியால் நின்றவருக்கு எல்எச்சும் ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்து கிடக்கும்.

பருமனாக இருந்து பிசிஓஎஸ் உள்ளவர்கள் எடை குறைத்தால் பொதுவாகப் பீரியட்ஸ் சீராகத்தான் வரத் தொடங்கும். முன்பு மாதாமாதம் வந்துகொண்டிருந்து, எடை குறைத்தபின் நின்றது என்றால் கதை தலைகீழ். டாக்டரிடம் போனால் எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மாத்திரையில் வரும் ரத்தத்தை மாதவிடாய் என்று நம்புவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2015இல் எனக்கு 26 வயது. எட்டு மாதத்தில் 81 கிலோவிலிருந்து 57க்கு வந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். காலையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம். ஐந்தாவது மாதம் பீரியட்ஸ் நின்றது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனேன். பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். 21 நாள் மாத்திரை, ஏழு நாள் இடைவெளி என்று எழுதித்தந்தார். முதல் அட்டை முடிந்து மூன்றாவது நாள் ரத்தம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான் பழையபடி 1,200 கலோரியும் ஓட்டமுமாகத் தொடர்ந்தேன். அப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று.

2017 கடைசியில் வலது பாதத்தில் வலி. சுளுக்கு என்று நினைத்து ஓடிக்கொண்டே இருந்தேன். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. எம்ஆர்ஐ எடுத்தபோது பாதத்தின் நடு எலும்பில் விரிசல். அடிபடவில்லை, விழவில்லை. ஓடியதாலேயே வந்த விரிசல். எலும்பு டாக்டர் சந்தேகப்பட்டு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும், ஹார்மோன் டாக்டரிடமும் அனுப்பினார். முதுகெலும்பின் இசட் மதிப்பு மைனஸ் 2.3 என்று வந்தது. அதாவது என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. ஹார்மோன் டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாத்திரை இல்லாம கடைசியா எப்பம்மா வந்துச்சு?"

என்னால் தேதி சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். எனக்குத் தந்தது கருத்தடை மாத்திரை. அதில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒன்றும் புரோஜெஸ்ட்ரோன் மாதிரி ஒன்றும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் அந்த ஹார்மோன்களை வைத்துக் கருப்பையின் உள்படலம் வளர்கிறது. மாத்திரையை நிறுத்தும் ஏழு நாளில் அது உதிர்கிறது. இதில் உங்கள் மூளைக்கும் சினைப்பைக்கும் எந்த வேலையும் இல்லை. கருமுட்டை வரவில்லை. நின்றது நின்றபடியே இருக்கிறது. கருப்பை உள்ள பெரும்பாலான பெண்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தால் இதே ரத்தம் வரும்.

இதனால் வரும் நஷ்டம் ஒன்றல்ல. உடம்பு காட்டிய தெளிவான அடையாளத்தை மூடி மறைத்துவிடுகிறோம். பீரியட்ஸ் வராமலே இருந்திருந்தால் நான் ஒரு வருடத்திலாவது பயந்து சாப்பிட்டிருப்பேன். அடுத்து, மாத்திரை சாப்பிடும்போது எடுக்கும் எஃப்எஸ்எச், எல்எச் பரிசோதனைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாத்திரையே அவற்றை அமுக்கிவிடும். நான் அப்படி இரண்டு முறை காசு கட்டினேன். மூன்றாவதுதான் எனக்கு இன்றும் ஆறாதது: எலும்பு. "மாத்திரையில ஈஸ்ட்ரோஜன் இருக்கே, எலும்பைக் காப்பாத்தும்" என்று எனக்குச் சொல்லப்பட்டது. வாய்வழி மாத்திரை கல்லீரல் வழியாகப் போகும்போது, எலும்பு கட்ட உதவும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படி நின்றுபோன பெண்களுக்குப் பீரியட்ஸை வரவழைக்கவோ எலும்பைக் காக்கவோ மட்டும் கருத்தடை மாத்திரை தர வேண்டாம் என்றே எழுதியிருக்கிறார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் மனநிலையையும் சரிசெய்வதுதான் முதல் சிகிச்சை. அதைச் செய்தும் மாதங்கள் கடந்து வரவில்லை என்றால், தோல் வழியாக உள்ளே போகும் ஈஸ்ட்ரோஜனையும், அவ்வப்போது புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையையும் கொஞ்ச காலத்துக்குத் தரலாம் என்கிறார்கள்.

நான் மாத்திரையைக் குறை சொல்லவில்லை. கருத்தடைக்கும், அதிக ரத்தப்போக்குக்கும், கருப்பைப் படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் அது நல்ல மருந்து. நீங்களாகத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஆனால் "இது எதுக்கு மேடம்? இதை நிறுத்தினா தானா வருமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ரத்தம் வந்துவிட்டால் பெண்ணின் உடம்பு சரியாக இருக்கிறது என்று வீட்டிலும் வெளியிலும் கணக்கை முடித்துவிடுகிறார்கள் பாருங்கள், எனக்கு அதில்தான் கோபம். எலும்பு அடர்த்தி உச்சத்துக்குப் போவது இருபதுகளின் கடைசிவரைதான். அந்த வருடங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இன்னொன்று. ஐந்து நாள், பத்து நாள் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை தந்து, அதற்கும் ரத்தம் வரவில்லை என்றால் "உடம்பு கேக்கலை" என்று இன்னொரு அட்டை வாங்கிப் போடாதீர்கள். உதிர்வதற்குப் படலமே வளரவில்லை, ஈஸ்ட்ரோஜன் அந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போது போவது என்று தெரியாமல் இருப்பது

மூன்று மாதம் வரவில்லை என்றால், அல்லது சுழற்சி தொடர்ந்து 45 நாளைத் தாண்டினால் போக வேண்டும். தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ராடையால் ஆகிய ஹார்மோன்களை ரத்தத்தில் பார்ப்பார்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் டெக்ஸா வேண்டுமா என்று கேளுங்கள். குளிர் தாங்காமை, கொத்தாக முடி உதிர்வது, நடு ராத்திரியில் பசித்து விழிப்பது எல்லாம் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

கால்சியம் மாத்திரை போதும் என்று நினைப்பது

போதாது.

பப்பாளியும் எள்ளும்

கருமுட்டையே வராதபோது பப்பாளி எதைக் கொண்டுவரும்? எள்ளுருண்டையை ஒன்றும் சொல்ல மாட்டேன், அதில் எண்ணெயும் வெல்லமும் இருக்கின்றன, தாராளமாகச் சாப்பிடலாம். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நம் பாட்டிமார்கள் உளுந்தங்களியில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றிக் கருப்பட்டியோடு கொடுத்தார்களே, அதில் மருந்து இருக்கிறதா என்று நான் தேடுவதில்லை. புரதம், கொழுப்பு, மாவு மூன்றும் வயிறு நிறைய இருக்கிறது. நின்றுபோன காலத்தில் உடம்பு கேட்பது அதைத்தான். நாம் அந்தக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பப்பாளித் துண்டை எடுக்கிறோம்.

சாப்பாட்டைக் கூட்டிவிட்டு ஓட்டத்தையும் கூட்டுவது

கணக்கு அதே இடத்தில்தான் நிற்கும்.

மனசை வெளியே நிறுத்திவிடுவது

இரண்டாவது தோசை போட்டுக்கொள்ளக் கை நடுங்குகிறது, எடை முள் அரை கிலோ ஏறினால் அன்று முழுக்க யாரோடும் பேச முடியவில்லை என்றால் அது பிடிவாதமோ கட்டுப்பாடோ இல்லை. உதவி வேண்டிய நிலை. 2003இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், இப்படி நின்ற 16 பெண்களில் 8 பேருக்கு 20 வாரம், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் மனநல ஆலோசனை கொடுத்தார்கள். அவர்களில் 7 பேருக்குச் சினைப்பை மறுபடி இயங்க ஆரம்பித்தது. சும்மா கவனிக்கப்பட்ட மற்ற 8 பேரில் 2 பேருக்குத்தான். எனக்குச் சாப்பாட்டு அட்டவணையைவிட அந்த ஆலோசனைதான் கடினமாக இருந்தது. சாப்பிட முடிந்ததும் அதனால்தான்.

வந்த மறுநாளே பழைய கணக்குக்குத் திரும்புவது

டாக்டர் சொல்லி மாத்திரையை நிறுத்தி, ஓட்டத்தை நிறுத்தி, மூன்று வேளையும் சாப்பிட்டு, ஐந்தரை கிலோ ஏறி, ஏழு மாதம் ஒன்றுமே வராமல் இருந்து, 2018 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை தானாக வந்தது. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். ஏறிய கிலோவைப் பார்த்து அடுத்த வாரமே இரவுச் சாப்பாட்டை விட்டேன். மறுபடி இரண்டு மாதம் நின்றது. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் மூன்று சுழற்சியாவது ஒழுங்காக வந்து முடியட்டும், அதுவரை கலோரியைக் குறைக்கும் பேச்சே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாணமானவர்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்வேன்: முதல் ரத்தம் வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடும். "இன்னும் பீரியட்ஸே வரலையே" என்று கருத்தடையை விட்டுவிடக் கூடாது.

அந்த 24 வயதுப் பெண்ணிடம் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தனுப்பினேன்: எந்த மாதம் எவ்வளவு எடை, மாத்திரை இல்லாமல் கடைசியாக வந்த தேதி, தினமும் சாப்பிடும் அளவு, ஓடும் தூரம். இரண்டாவது வரியை நிரப்ப அவள் போனைக் கீழிருந்து மேலாக வெகுநேரம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.