மட்டக்களப்பிலிருந்து மலை ஏரிக்கு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஆடி மாதத்தில் கச்சான் காற்று முற்றத்து மணலை வாரி வீட்டுக்குள் இறைக்கும். அப்போதுதான் நம்மில் பலருக்கு நுவரெலியா நினைவுக்கு வருகிறது. "வெயில் தாங்க முடியவில்லை, இரண்டு நாள் போய்க் குளிர்ந்துவிட்டு வருவோம்" என்று உடனே வேன் பேசுகிறோம். முதல் தவறு அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கச்சான் அந்த மலைப் பக்கமிருந்துதான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறி, காய்ந்த காற்றாக நம்மிடம் வந்து சேர்கிறது. நம் ஊரில் கச்சான் அடிக்கிற நாளில் மேலே சாரலும் மூடுபனியும் குளிர்காற்றுமாக இருக்கும் என்றுதான் கணக்குப் போட வேண்டும். மட்டக்களப்பு வானத்தைப் பார்த்து மலைக்குப் புறப்படக் கூடாது.

மார்கழி விடுமுறை இன்னும் ஆபத்தானது. வடகீழ்ப் பருவமழை நமக்குப் பெய்வது போலவே பதுளை, லுணுகலை, பசறைச் சரிவுகளிலும் பெய்யும். நாம் ஏறிப் போவதும் அதே சரிவுகளில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் எத்தனை வீதிகளையும் வீடுகளையும் மண்ணோடு கொண்டுபோனது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, போகும் ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது; வழியில் வரும் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் பார்க்க வேண்டும். செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அறைக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அழைத்து வீதி நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் மாசியும் பங்குனியின் முதற்பாதியும்தான் நல்ல காலம். சித்திரையில் நாடே அங்கே திரண்டிருக்கும்.

எந்த ஏரிக்குப் போவது? பெரும்பாலானோர் நுவரெலியா நகரில் உள்ள கிரெகரி ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட ஏரி அது. படகும் குதிரையும் கடைகளும் சூழ்ந்த இடம். தனிமை தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது கந்தே எல நீர்த்தேக்கம். வெலிமடைப் பக்கமிருந்து ஏறி, ஹக்கலையும் சீதா எலியாவும் தாண்டி, நுவரெலியா நகருக்கு முன்னரே பிளக்பூல் சந்தியில் அம்பேவெல பாதையில் திரும்ப வேண்டும். மீபிலிமான அருகே ஊசியிலை மரங்களுக்கு நடுவில் அது கிடக்கிறது. காலையில் நீரின் மேல் புகைபோல் பனி நகர்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அங்கே போக நமக்கு ஒரே பாதை போதும். செங்கலடி கறுத்தப் பாலத்தடியில் தொடங்கும் நம் பதுளை வீதிதான் ஏ5. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவ, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று அதே வீதி நுவரெலியா வரை போகிறது. அம்பாறைப் பக்கத்தார் உகனை வழியாக மகாஓயாவில் வந்து இணையலாம். மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இந்தத் தூரம்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. "இருநூறு தானே, காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்" என்பார்கள். பிபிலை வரை நம் ஊர்க் கணக்குச் சரியாக வரும். அதற்கப்பால் ஒரு மணித்தியாலத்தில் முப்பது கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம். நின்று நின்று போக ஆறேழு மணித்தியாலம் ஆகும். ஒரு இரவாவது தங்காமல் இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். தூங்கி வழியும் சாரதியோடு இரவில் பசறை வளைவுகளில் இறங்குவது பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யத்தக்க காரியம் அல்ல.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது பிரேக்கைப் பற்றி. சமதரையில் வாகனம் ஓட்டிப் பழகிய நமக்கு வேகத்தைக் குறைக்க ஒரே வழிதான் தெரியும்: பிரேக்கை மிதிப்பது. மலையில் அந்தப் பழக்கமே உயிருக்கு உலை வைக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும்போது எங்கள் வேனுக்குள் கருகிய நாற்றம் வந்தது. முதலில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றே நினைத்தோம். அடுத்த வளைவில் மச்சான் பிரேக்கை மிதித்தார். பெடல் மெதுமெதுவென்று தரை வரை போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டோடு உரசி வேனை நிறுத்தினார். பின் இருக்கையில் அக்காவின் பிள்ளைகள் இருவரும் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு சில்லுக்கு ஓடினேன். அப்போது கொழுந்துச் சாக்குடன் வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஊற்றாதீர்கள் தம்பி, சூட்டில் வெடித்துவிடும். அரை மணித்தியாலம் சும்மா விடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்" என்றார்.

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் மலைவீதி முழுவதும் அடங்கியிருக்கிறது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் உராய்வுச் சூட்டில் பிரேக் கட்டைகள் பிடிமானத்தை இழக்கின்றன. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பழைய எண்ணெய் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கிக்கொடுப்பதால் காலின் அழுத்தம் சில்லுக்குப் போய்ச் சேராது. இரண்டாம் கியரில் ஏறிய இடத்தை இரண்டாம் கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். தானியங்கிக் கியர் வாகனத்தில் 'எல்' அல்லது '2', ஹைபிரிட் கார்களில் 'பி' நிலை இதற்காகவே இருக்கின்றன. தன் காரில் 'பி' எதற்கு என்று தெரியாமலே பல வருடம் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புறப்படுவதற்கு முன் பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்று கராஜில் கேளுங்கள்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. இதில் மிச்சம் எதுவும் இல்லை. இன்றைய எஞ்சின்கள் கியரில் கிடக்கும்போது எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை முற்றாக நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்காகக் கொஞ்சம் எரிக்கின்றன. எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

ஏற்றத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினின் இழுவையும் அதே அளவு குறையும். ஒன்பது பேருக்கான வேனில் பதினான்கு பேரும் பானை சட்டியுமாக ஏறினால் வெப்பமானி மேலே போகாமல் என்ன செய்யும்? சூடேறினால் ஏசியை நிறுத்தி ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

குறுகிய இடத்தில் ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஹோர்ன் அடியுங்கள், அது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல்கட்டையடியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். வீதியில் விழுந்து கிடந்த பாறை அந்த இடத்தைக் குறுக்கியிருந்தது. மழைக்குப் பிந்திய நாளில் ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு கல் கிடக்கலாம் என்ற நினைப்போடு ஓட்ட வேண்டும். மூடுபனியில் பெரிய வெளிச்சம் போடாதீர்கள். அது பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்ந்த வெளிச்சமே போதும். கைத்தொலைபேசி வரைபடம் "பத்து நிமிடம் மிச்சம்" என்று தோட்டப் பாதைக்குள் திருப்பும். லொறி போகிற பாதை என்று நம்பி உள்ளே போய், திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே வந்தவர்கள் கதை நிறைய உண்டு.

வளைவுகள் தொடங்கியதும் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். அதைப் பார்த்து "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பயப்படுகிறார்கள். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். இலங்கையில் பீதுருதாலகால உச்சி ஒன்றுதான் அந்த அளவைத் தொடுகிறது. இது வெறும் பயண மயக்கம். விடியற்காலையில் புட்டும் இறைச்சிக் கறியும் தயிரும் வயிறு முட்டக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. பிபிலை வரை பிஸ்கட்டும் வாழைப்பழமும் போதும். மருந்து கொடுப்பதானால் வாந்திக்குப் பிறகு கொடுத்துப் பயனில்லை, வளைவு தொடங்க அரை மணித்தியாலம் முன்பே கொடுக்க வேண்டும். இழுப்பு உள்ளவர்களுக்கு மட்டும் குளிர்காற்று உண்மையான ஆபத்து. இன்ஹேலரைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏற ஆறு ஆறரைப் பாகை குளிர் கூடும். மட்டக்களப்பில் முப்பது என்றால் ஏரிக்கரையில் பதினெட்டு. இரவில் பத்துக்கும் கீழே இறங்கும். தை, மாசி விடியலில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிவதும் உண்டு. மோட்டார் சைக்கிளில் டீ-சேர்ட்டோடு புறப்படும் இளைஞர்களுக்கு வெலிமடை தாண்டும்போது விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. பகலில் குளிருகிறதே என்று தொப்பி போடாமல் திரிந்தால் மாலையில் முகம் எரியும். உயரத்தில் வெயிலின் புற ஊதாக்கதிர் கடுமையானது.

குளிருக்காகச் செய்யும் ஒரு தவறுக்கு மன்னிப்பே கிடையாது. மீன் சுடக் கொண்டுபோன கரி அடுப்பை, தணல் இன்னும் இருக்கிறது என்று அறைக்குள் கொண்டுவந்து வைத்துக் கதவையும் யன்னலையும் சாத்துகிறார்கள். வேனுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்குகிறார்கள். கரி எரியும்போதும் எஞ்சின் ஓடும்போதும் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி வரும், தூக்கம் வரும், பிறகு எழுப்ப முடியாது. போர்வை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். தணலை வெளியில் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். யாராவது மயங்கியிருந்தால் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஏரிக்கு வருவோம். நாம் வாவிக்கரையில் வளர்ந்தவர்கள், தண்ணீருக்குப் பயமில்லை. அந்தத் துணிச்சலே அங்கே நமக்கு எதிரி. நம் வாவியில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து வலை வீசலாம். மலை நீர்த்தேக்கம் என்பது பள்ளத்தாக்கை அணைகட்டி மறித்தது. கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. கரையில் வழுக்கும் சேறு வேறு. குளிர்ந்த நீரில் திடீரென்று குதித்தால் நெஞ்சு தன்னாலேயே ஒரு பெருமூச்சை இழுக்கும். அந்த மூச்சில் தண்ணீர் போய்விட்டால் நீச்சல் தெரிந்து பயனில்லை. அங்கே குளிக்காதீர்கள். பிள்ளைகளை நீரோரத்தில் நிறுத்திப் படம் எடுக்கும்போது ஒரு பெரியவர் படத்துக்குள் நிற்காமல் பிள்ளையின் பக்கத்தில் நிற்கட்டும்.

சமையல் பாத்திரத்தை அந்த நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் கூடாது. கீழே மரக்கறித் தோட்டங்களும் வீடுகளும் இருக்கின்றன. காய்ந்த ஊசியிலைகளின்மேல் அடுப்பு மூட்டினால் ஒரு பொறி போதும், காடு பற்றிக்கொள்ளும். சோறும் கறியும் சமைத்தே எடுத்துப் போங்கள். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிப்பதால் சோறு வேக நேரமும் கூடும்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டதும் வேனை நிறுத்தி, கேட்காமலே படம் எடுக்கிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் பிஸ்கட் திணித்து அதையும் படமாக்குகிறோம். அவர்கள் நம் மொழி பேசும் மனிதர்கள், வேலைநேரத்தில் இருப்பவர்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? வேண்டாம் என்று தலையசைத்தால் கும்பிட்டுவிட்டு நகர வேண்டியதுதான். அன்று எங்கள் வேனருகே நின்ற பெரியவர் காசு வாங்கவில்லை. பக்கத்துக் கடையில் எங்களுக்குப் பிளேன்டி சொன்னதும் அவர்தான்.

திரும்பும் நாளில் ஏரிக்கு இன்னொரு தடவை போகும் ஆசையில் நண்பகல் வரை இழுத்தடிக்காதீர்கள். பிற்பகலில் ஹக்கலைப் பக்கம் பனி இறங்கும். அதையும் தாண்டி வந்தாலும் மகாஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் இருட்டினால் யானை வீதிக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் அதன் உடல் தார்வீதியின் நிறத்திலேயே கலந்துவிடும். காலை எட்டு மணிக்குள் நுவரெலியாவை விட்டால், பிபிலையில் சோறு சாப்பிட்டு, பிரேக் ஆறும்வரை பிள்ளைகளை மரநிழலில் ஓடவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கறுத்தப் பாலத்தைக் கடந்துவிடலாம்.