ஜப்பானில் ஒசாகா கோட்டைக்குப் போகிறீர்களா?

தூரத்திலிருந்து பார்த்தால் பழங்கால மரக்கோட்டை போலத்தான் இருக்கும். உள்ளே நுழைந்ததும் லிஃப்ட் நிற்கும்! 1665இல் இடி விழுந்து எரிந்துபோன கோபுரத்தை, ஊர் மக்களின் நன்கொடையில் 1931இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். இப்போது அது எட்டு மாடி அருங்காட்சியகம். மரத்தூணும் செங்குத்தான மரப்படியும்தான் வேண்டும் என்பவர்கள் ஹிமேஜி கோட்டைக்குப் போய்விடுங்கள். அங்கே அசல் கோபுரம் அப்படியே நிற்கிறது.

காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கிவிட்டால் கவுண்டர் வரிசை மிச்சம். லிஃப்ட் பொதுவாக ஐந்தாம் மாடி வரைதான். மீதிப் படிகளை ஏறி உச்சிக்குப் போய் நகரத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மாடியாக இறங்கி வாருங்கள். மூன்றாம், நான்காம் மாடிகளில் படம் எடுக்க அனுமதி இல்லை.

என்னைக் கேட்டால், கோபுரத்தைவிட வெளியே இருக்கும் கல்சுவர்தான் விசேஷம். அதுதான் உண்மையான பழசு, 1620களில், அப்போது ஜப்பானை ஆண்ட தொகுகவா வம்சத்தின் ஆட்சியில் எழுப்பியது. சகுராமோன் வாசலைத் தாண்டியதும் எதிரே ஒரே கல் சுவர் மாதிரி நிற்கும். 'ஆக்டோபஸ் கல்' என்பார்கள். எடை சுமார் 108 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற கற்களையும் கிட்டப் போய்ப் பாருங்கள். வேலையைப் பங்கிட்டுக்கொண்ட சிற்றரசர்களின் அடையாளக் குறிகள் சிலவற்றில் செதுக்கியிருக்கும்.

தனிமாச்சி யொன்சோமே ஸ்டேஷனில் இறங்கினால் ஓத்தேமோன் வாசல் வழியாகப் போகலாம். நடை கொஞ்சம் அதிகம், வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம்.